கென்ய நாடாளுமன்றமும் வெளிநாட்டு உதவியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க நாடுகளின் நாடாளுமன்றங்களுக்கு வெளிநாடுகள் உதவுகின்றன என்ற செய்தி அவ்வப்போது கண்ணில் படும். அந்த உதவி யாருக்குப் போகிறது, என்ன செய்கிறது, ஏதாவது பலன் உண்டா என்று கேட்டால் பொதுவாகப் பதில் சொல்வது கடினம். ஒரு நாட்டை எடுத்துக்கொண்டால் விஷயம் பிடிபடும். இங்கே கென்யாவை எடுத்துக்கொள்கிறேன். கால் நூற்றாண்டு அனுபவம் அங்கே இருக்கிறது. பலித்ததும் உண்டு, பலிக்காததும் உண்டு.

நாடாளுமன்றத்துக்கு உதவி என்றால் எம்.பி.க்களுக்குப் பணம் கொடுப்பதா?

இல்லை. பெரும்பாலும் செயலகத்துக்கும் குழுக்களுக்கும்தான் உதவி போகும். குழு ஒரு துறையின் செயலாளரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டுமானால், என்ன கேட்பது என்று தயார் செய்து கொடுக்க ஆள் வேண்டும். மசோதாவை வரிவரியாகப் படித்துச் சொல்ல ஒரு சட்ட வல்லுநர் வேண்டும். பட்ஜெட் புத்தகத்தைப் பிரித்து, போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று காட்ட ஒரு பொருளாதார நிபுணர் வேண்டும். அவையில் பேசியது உடனுக்குடன் அச்சேற வேண்டும். நூலகம், கணினி, குழுக் கூட்ட அறை எல்லாம் வேண்டும். அரசாங்கத்தின் பக்கம் இவை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டியவர்களிடம் இல்லை. அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் இந்த உதவியின் நோக்கம்.

முன்பு கென்ய நாடாளுமன்றம் எந்த நிலையில் இருந்தது?

1982இல் கென்யா சட்டப்படியே ஒரு கட்சி நாடானது. 1991 டிசம்பரில் அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டு, 1992இல் பல கட்சித் தேர்தல் நடந்தது. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் அவை மட்டும் பழையபடியே இருந்தது. நாடாளுமன்ற ஊழியர்கள் அரசு ஊழியர்கள். அவர்களை நியமிப்பதும் மாற்றுவதும் அரசாங்கத்தின் கையில். நாடாளுமன்றத்தின் செலவுக்கான பணத்தையும் அரசாங்கம்தான் ஒதுக்கும். சாதாரண எம்.பி.க்கு உட்கார ஓர் அலுவலக அறைகூடக் கிடையாது.

பட்ஜெட் விஷயம் இன்னும் மோசம். கென்யாவின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்கும். நிதியமைச்சர் ஜூன் மாதத்தில் பட்ஜெட்டை வைப்பார். படித்துப் பார்க்கவே நேரம் போதாது. அதற்குள் ஆண்டு பிறந்துவிடும் என்பதால், ஒதுக்கீட்டில் பாதி வரை முன்கூட்டியே எடுத்துச் செலவிட அவை அனுமதி தந்துவிடும். அப்புறம் சில துறைகளின் மானியக் கோரிக்கைகள் மட்டும் விவாதத்துக்கு வரும். மிச்சம் உள்ளவை கடைசி நாளில் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேறும். கில்லட்டின் என்று நம் ஊர் நாடாளுமன்றச் செய்திகளில் படிப்போமே, அதேதான். கென்ய, இந்திய நாடாளுமன்றங்கள் இரண்டும் பிரிட்டிஷ் மரபிலிருந்து வந்தவை.

மாற்றத்தைத் தொடங்கியது வெளிநாட்டினரா?

இந்தக் கேள்விக்கான பதில் எனக்கு மிகவும் முக்கியம். தொடங்கியவர்கள் கென்யர்கள்தான். பீட்டர் ஒலூ அரிங்கோ என்ற எம்.பி. கொண்டுவந்த திருத்தத்தை ஏற்று, 1999இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. நாடாளுமன்றப் பணி ஆணையம் உருவானது. ஊழியர் நியமனம், நாடாளுமன்றத்தின் சொந்த பட்ஜெட் இரண்டும் அந்த ஆணையத்தின் பொறுப்புக்கு வந்தன. அடுத்த ஆண்டு அதற்கான தனிச் சட்டமும் வந்தது. அதிபர் மோயின் ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, ஆளும் கட்சி எம்.பி.க்களின் ஆதரவும் சேர்ந்துதான் இது நிறைவேறியது. கட்சி எதுவானாலும், தனக்கு ஒரு மேசையும் ஓர் உதவியாளரும் வேண்டும் என்பதில் எம்.பி.க்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

வெளிநாட்டு உதவி கைகொடுத்தது அதற்குப் பிறகுதான். ஆணையம் பிறந்த பின், 2000 வாக்கில், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் தந்த நிதியோடு நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று நைரோபியில் வேலையைத் தொடங்கியது. இந்த வரிசை தலைகீழாக இருந்திருந்தால், வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் அறிக்கை எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த அறிக்கையைக் கையில் எடுத்து அமல்படுத்த உள்ளே யாருக்கும் அதிகாரம் இருந்திருக்காது.

அந்தப் பல்கலைக்கழகக் குழு என்ன செய்தது?

எளிதில் கண்ணில் படாத வேலைகள். 1990களின் கடைசியில் துறைவாரியான நாடாளுமன்றக் குழுக்கள் காகிதத்தில் உருவாகியிருந்தன. அவை உண்மையில் கூடி விசாரணை நடத்தவும், அறிக்கை எழுதவும் அந்தத் திட்டம் உதவியது. குழுச் செயலர்களுக்கும் ஆராய்ச்சி ஊழியர்களுக்கும் பயிற்சி தந்தது. எல்லாவற்றிலும் நிலைத்து நின்ற பலன் என்று நான் நினைப்பது 2007இல் உருவான நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம்.

பட்ஜெட் அலுவலகம் அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். அது எதற்காகத் தேவைப்பட்டது என்பதை 2009இல் நடந்த ஒரு சம்பவம் காட்டும்.

அந்த ஆண்டு ஏப்ரலில் அரசு ஒரு துணை மதிப்பீட்டை அவையில் வைத்தது. ஆண்டின் நடுவில், கூடுதலாக எவ்வளவு செலவாகும், எங்கே குறைக்கப் போகிறோம் என்று காட்டும் ஆவணம் அது. அவை ஒப்புதலும் கொடுத்துவிட்டது. பிறகு ஒரு குடிமக்கள் அமைப்பு கூட்டல் கணக்கைச் சரிபார்த்தபோது, இரு வேறு இடங்களில் இருந்த தொகைகள் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் ஏறக்குறைய 900 கோடி ஷில்லிங். எம்.பி. கிடோபு இமன்யாரா இதை அவையில் எழுப்பினார். அப்போதைய நிதியமைச்சர் உஹுரு கென்யாட்டா அது கைத்தவறு என்று விளக்கம் தந்தார். விவகாரம் நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்குப் போனது.

கைத்தவறோ வேறெதுவோ, இருநூற்றுச் சொச்சம் எம்.பி.க்கள் ஒப்புதல் கொடுத்த ஒரு கணக்கில் இத்தனை பெரிய வித்தியாசம் வெளியில் இருந்தவர்கள் கண்ணில்தான் முதலில் பட்டது. எம்.பி.க்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அடர்த்தியான எண்கள் நிறைந்த நூற்றுக்கணக்கான பக்கங்கள் மேசைக்கு வருகின்றன. வாக்கெடுப்பு சில நாட்களில். பழகிய கண் இல்லாமல் அதைப் படிக்க முடியாது.

பட்ஜெட் அலுவலகம் அப்போது பிறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதே 2009இல் நிதி மேலாண்மைச் சட்டம் ஒன்று அதற்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. 2012இன் பொது நிதி மேலாண்மைச் சட்டம் அதன் வேலைகளைப் பிரிவு வாரியாக எழுதியது. அலுவலகம் கட்சி சார்பு இல்லாமல் இருக்க வேண்டும், குழுக்களுக்குப் பகுப்பாய்வு தர வேண்டும், அறிக்கைகளைப் பொதுமக்களும் பார்க்க வேண்டும். இன்று கென்யச் செய்தித்தாளில் கடன் சுமை பற்றியோ, வருவாய்க் கணிப்பு பற்றியோ படித்தால், அரசின் எண்ணுக்குப் பக்கத்திலேயே இந்த அலுவலகத்தின் எண்ணும் இருப்பதைப் பார்க்கலாம். ஆளும் கட்சி எம்.பி.யும் எதிர்க்கட்சி எம்.பி.யும் ஒரே தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிதியமைச்சக அதிகாரிகளைக் கேள்வி கேட்கிறார்கள். ஓர் ஏழை நாட்டில் ஒவ்வொரு ஷில்லிங்கும் எங்கே போகிறது என்று கேட்க இப்படி ஒரு மேசை இருப்பது, நான் மனதார மதிக்கும் ஒரு சாதனை.

இந்த யோசனை கென்யாவில்தான் பிறந்ததா?

பக்கத்து நாடான உகாண்டா முந்திக்கொண்டது. அங்கே 2001இல் ஒரு தனிநபர் மசோதா பட்ஜெட் சட்டமாகி, நாடாளுமன்றத்துக்குத் தனி பட்ஜெட் அலுவலகம் கிடைத்தது. அமைச்சர் கொண்டுவராத மசோதா சட்டமாவது அபூர்வம்; அதுவும் பண விஷயத்தில். கென்ய எம்.பி.க்கள் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகத்தைக் காட்டி ஒரு நிபுணர் பேசுவதைவிட, உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவிலிருந்து வந்த ஒரு எம்.பி. "எங்களுக்கு இப்படிக் கிடைத்தது" என்று சொன்னால் நைரோபியில் காது கொடுத்துக் கேட்பார்கள்.

வேறு யாரெல்லாம் உதவுகிறார்கள்?

ஐ.நா. வளர்ச்சித் திட்டம், ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஜனநாயக அறக்கட்டளை, அமெரிக்காவின் தேசிய ஜனநாயக நிறுவனம், ஜெர்மன் கட்சிகளோடு தொடர்புள்ள அறக்கட்டளைகள் ஆகியவை ஆப்பிரிக்கா முழுக்க இந்த வேலையில் இருப்பவை. 1889இல் தொடங்கிய நாடாளுமன்றங்களுக்கு இடையேயான ஒன்றியமும், காமன்வெல்த் நாடாளுமன்றச் சங்கமும் எம்.பி.க்கள் எம்.பி.க்களோடு பேசும் மேடைகள்.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. மக்களவைச் செயலகத்தின் பயிற்சி நிறுவனம் பல ஆண்டுகளாக, ஐடெக் என்ற இந்திய அரசின் வெளிநாட்டினருக்கான பயிற்சித் திட்டத்தின் கீழ், ஆப்பிரிக்கா உட்பட வெளிநாட்டு நாடாளுமன்ற ஊழியர்களை டெல்லிக்கு அழைத்துப் பயிற்சி தருகிறது. இதைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

இது வேற்று நாட்டு விவகாரத்தில் தலையிடுவது ஆகாதா?

ஆகலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1991 நவம்பரில் பாரிஸில் கூடிய உதவி நாடுகள் கென்யாவுக்கான புதிய நிதியுதவியை நிறுத்திவைத்தன; சில வாரங்களில் ஒரு கட்சி ஆட்சிப் பிரிவு நீக்கப்பட்டது. உள்நாட்டில் ஏற்கெனவே போராட்டம் நடந்துகொண்டிருந்தது என்றாலும், பணத்தை வைத்து நெருக்கியது நெருக்கியதுதான்.

பட்ஜெட் அலுவலகத்துக்கு உதவுவதை அதே கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று அது எம்.பி.யிடம் சொல்வதில்லை, முடிவெடுக்க வேண்டியவர் கையில் தகவலைக் கொடுக்கிறது. ஆனாலும் ஒரு எல்லைக்கோடு வேண்டும். ஒரு குறிப்பிட்ட சட்டத்தை நிறைவேற்றுவதற்காக ஒரு நன்கொடை நாடு குழு உறுப்பினர்களுக்குக் கடற்கரை விடுதியில் பட்டறை நடத்தினால், அதற்குப் பெயர் நிறுவனத்தை வலுப்படுத்துவது அல்ல, ஆதரவு திரட்டுவது. எம்.பி.க்கு வாக்களித்த மக்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

பட்டறைகளாலும் வெளிநாட்டுப் பயணங்களாலும் பலன் உண்டா?

குறைவு. தேர்தல் வந்தால் கென்யாவில் எம்.பி.க்கள் பெருமளவில் மாறிவிடுவார்கள். பயிற்சி பெற்றவர் வீட்டுக்குப் போய்விடுவார், புதியவருக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். செயலக ஊழியர் அப்படியல்ல, அவர் அடுத்த அவையிலும் இருப்பார். கென்ய நாடாளுமன்றம் தனக்கென்று ஒரு பயிற்சி மையத்தை நடத்துவது இதனால்தான் நல்ல முடிவு. அடுத்த தொகுதி எம்.பி.க்களுக்கு வகுப்பெடுக்க வெளியாள் வர வேண்டியதில்லை.

வலுவான நாடாளுமன்றம் தனக்கே சம்பளம் கூட்டிக்கொள்ளாதா?

கூட்டிக்கொண்டது. நாடாளுமன்றத்துக்குத் தன் பணத்தின் மேல் அதிகாரம் வந்த சில ஆண்டுகளிலேயே எம்.பி.க்களின் வருமானம் மளமளவென்று ஏறியது. உதவி செய்தவர்களுக்கு இது தர்மசங்கடம். வரி கட்டிய கென்யர்களுக்குக் கோபம். 2010இன் புதிய அரசியல் சட்டம் சம்பளத்தை நிர்ணயிக்கத் தனி ஆணையம் அமைத்தது. அந்த ஆணையம் மாதச் சம்பளத்தைச் சுமார் 8.5 லட்சம் ஷில்லிங்கிலிருந்து சுமார் 5.3 லட்சமாகக் குறைத்தபோது, 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய எம்.பி.க்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த மே மாதம் போராட்டக்காரர்கள் எம்.பி.க்களின் பேராசையைக் குத்திக்காட்ட நாடாளுமன்ற வாசலில் பன்றிகளை அவிழ்த்துவிட்டார்கள்.

நாடாளுமன்றம் வலுப்பெறுவது வேறு, பொறுப்போடு நடப்பது வேறு. ஆரம்பகாலத் திட்டங்கள் முதலாவதற்கே முழுக் கவனத்தையும் கொடுத்தன. அரசைக் கேள்வி கேட்க எம்.பி.க்குக் கருவி கொடுத்தார்கள், எம்.பி.யைக் கேள்வி கேட்க மக்களுக்கு என்ன கொடுப்பது என்பதைப் பின்னால்தான் யோசித்தார்கள்.

அந்த இடத்தை யார் நிரப்பினார்கள்?

கென்ய இளைஞர்கள். தங்கள் சுயவிவரங்கள் இணையத்தில் வருவதைச் சில எம்.பி.க்கள் விரும்பாததால் நாடாளுமன்ற இணையதளம் முடக்கப்பட்ட நேரம் அது. 2000களின் நடுவில் ஒரி ஒகோலோவும் கான்ராட் அகுங்காவும் 'ம்சலெண்டோ' என்ற தளத்தைத் தொடங்கினார்கள். யார் அவையில் பேசினார், யார் வாயே திறக்கவில்லை என்பதை எவரும் பார்க்கும்படி செய்தார்கள். தொடங்கும்போது அவர்களிடம் பெரிய நிதி எதுவும் இருக்கவில்லை. நன்கொடை அமைப்புகள் பிறகு வந்து கைகொடுத்தன.

2010 அரசியல் சட்டம் நாடாளுமன்றத்தை எப்படி மாற்றியது?

இரண்டு அவைகள் வந்தன. தேசியப் பேரவையில் 290 தொகுதி உறுப்பினர்கள், கவுண்டிகள் எனப்படும் 47 நிர்வாகப் பகுதிகளிலிருந்து தலா ஒரு பெண் உறுப்பினர், 12 நியமன உறுப்பினர்கள். செனட்டில் 67 பேர். இரண்டுக்கும் சபாநாயகர்கள் தனி. அமைச்சர்கள் எம்.பி.க்களாக இருக்க முடியாது. பட்ஜெட் மதிப்பீடுகள் நிதியாண்டு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே பேரவைக்கு வந்துவிட வேண்டும். குழு மக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். 1990களின் ஜூன் மாத அவசரத்தை நினைத்துப் பார்த்தால் இந்த இரண்டு மாதத்தின் அருமை தெரியும்.

பெண்களின் நிலை?

இங்கே சட்டம் முன்னால் போக, அவை பின்தங்கிவிட்டது. தேர்ந்தெடுக்கப்படும் எந்த அமைப்பிலும் ஒரே பாலினத்தவர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டம். அதை நடைமுறைப்படுத்தும் சட்டத்தை எம்.பி.க்கள் திரும்பத் திரும்ப நிறைவேற்றத் தவறினார்கள். 2020 செப்டம்பரில் தலைமை நீதிபதி டேவிட் மராகா, நாடாளுமன்றத்தையே கலைக்கும்படி அதிபருக்கு ஆலோசனை தந்தார். கலைக்கப்படவில்லை. பெண் எம்.பி.க்களின் அமைப்புக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் நெடுங்காலம் உதவியும் இதுதான் நிலை. ஆண் எம்.பி.க்கள் தங்கள் இடத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லாதபோது, பயிற்சி வகுப்பு அந்தக் கதவைத் திறக்காது.

இவ்வளவு உதவிக்குப் பிறகும் 2024இல் மக்கள் ஏன் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள்?

2024ஆம் ஆண்டின் நிதி மசோதா ரொட்டி முதல் பல பொருட்களின் மீது புதிய வரிகளை முன்மொழிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ரொட்டி வரி போன்ற சிலவற்றை அரசு கைவிட்டது. மற்றவை நின்றன. பேரவையின் நிதிக் குழு மக்களிடம் கருத்து கேட்டது. குவிந்த எதிர்ப்பைத் தாண்டி ஜூன் 25 அன்று 195 பேர் ஆதரித்தும் 106 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, மசோதா நிறைவேறியது. அன்று பிற்பகல் இளைஞர்கள் தடுப்புகளை உடைத்து வளாகத்துக்குள் வந்தார்கள். கட்டடத்தின் ஒரு பகுதி எரிந்தது. காவல் துறை சுட்டதில் பலர் செத்தார்கள். அந்தப் போராட்டங்களில் 39 பேர் இறந்ததாக ஜூலை தொடக்கத்தில் கென்ய தேசிய மனித உரிமை ஆணையம் தெரிவித்தது. மறுநாள் ஜூன் 26 அன்று, கையெழுத்திட மாட்டேன் என்று அதிபர் ரூட்டோ அறிவித்தார்.

அந்த எம்.பி.க்களிடம் தகவல் இல்லை என்று சொல்ல முடியாது. பட்ஜெட் அலுவலகம் இருந்தது, குழு இருந்தது, கருத்துக்கேட்பும் நடந்தது. 1999இல் அரிங்கோ கேட்ட எல்லாமே இருந்தன. இருந்தும் ஆளும் அணியில் பெரும்பாலோர் கட்சித் தலைமை சொன்னபடியே கை தூக்கினார்கள். அடுத்த தேர்தலில் சீட்டும், தொகுதிக்கு வரும் திட்டங்களும் யார் தயவில் கிடைக்கின்றன என்பதுதான் அவர்களின் வாக்கைத் தீர்மானித்தது. கட்சிக்குள் ஜனநாயகம் இல்லாத இடத்தில் நாடாளுமன்றத் திட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த நாள் ஒரு கொடிய விடை. உயிர்விட்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதை நினைக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை.

அப்படியானால் உதவி வீண்தானா?

அந்த முடிவுக்கும் நான் வரவில்லை. அந்த இளைஞர்கள் மசோதாவின் பிரிவுகளைப் படித்துச் சமூக ஊடகங்களில் விளக்கினார்கள், ஒருவர் விடாமல் எம்.பி.க்களின் வாக்கைக் கணக்கெடுத்தார்கள். ஆவணங்கள் பொதுவெளியில் கிடைத்ததால்தான் இது சாத்தியமானது. கதவைப் பூட்டி, கணக்கை மறைத்து நடந்த பழைய அவையில் எதை எதிர்ப்பது என்றே தெரிந்திருக்காது.

2025இல் அமெரிக்கா உதவியை நிறுத்திவிட்டதே, இனி?

2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி முடக்கப்பட்டது. ஜூலை 1 அன்று யு.எஸ்.எய்ட் தனி நிறுவனமாக இயங்குவது முடிந்தது. பிரிட்டனும் 2027க்குள் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்திருக்கிறது.

கென்யாவின் பட்ஜெட் அலுவலகம் இதனால் மூடப்படாது. அதன் ஊழியர்களுக்குச் சம்பளம் தருவது நாடாளுமன்றம். அதன் வேலையைச் சொல்வது கென்யச் சட்டம். அடி வாங்குவது அவைக்கு வெளியே நின்று கண்காணிக்கும் குடிமக்கள் அமைப்புகள். அவற்றில் பல வெளிநாட்டு நிதியை நம்பியிருப்பவை. இன்னும் ஆரம்ப நிலையில் இருக்கும் வேறு ஆப்பிரிக்க நாடாளுமன்றங்களுக்கும் கஷ்டம்தான்.

ஒரு நாடாளுமன்ற உதவித் திட்டம் உருப்படியானதா என்று வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்ற எண்ணை விட்டுவிடுங்கள். திட்டம் உருவாக்கிய பதவி எதற்காவது நாடாளுமன்றமே சம்பளம் தர ஆரம்பித்ததா என்று பாருங்கள். குழு அறிக்கைகள் வெளியாகின்றனவா, அதற்கு அமைச்சகம் பதில் தந்ததா என்று பாருங்கள். அரசு முன்வைத்த ஒரு ஒதுக்கீடாவது குழுவின் கேள்வியால் மாறியிருந்தால், திட்டம் வேலை செய்கிறது.

கென்ய நாடாளுமன்றத்தை நான் நேரடியாகக் கவனிக்க முடியுமா?

முடியும். கூட்ட நடவடிக்கைகள் நேரடியாக ஒளிபரப்பாகின்றன. பேச்சுப் பதிவான ஹன்சார்டும் பட்ஜெட் அலுவலகத்தின் அறிக்கைகளும் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கும். ஆங்கிலம் தெரிந்தால் போதும், சில எம்.பி.க்கள் சுவாஹிலியில் பேசுவார்கள். பிப்ரவரி நடுவில் பட்ஜெட் கொள்கை அறிக்கை அவைக்கு வரும், ஏப்ரல் முடிவுக்குள் மதிப்பீடுகள் வரும், ஜூன் முடிவதற்குள் ஒதுக்கீட்டு மசோதா நிறைவேற வேண்டும். மே மாதக் குழு விசாரணைகளிலிருந்து தொடங்குங்கள். அமைச்சக அதிகாரிகள் எண்களோடு வந்து உட்காரும் மாதம் அதுதான்.